சிவப்புக் கயிறு கட்டிய செடிகள்

மெர்போக்கில் என் வீட்டின் பின்கதவைத் திறந்தால் மொட்டைப்பாறை தெரியும். ஜெராய் மலையின் அடிவாரத்தை ஒட்டித் தனியாக நிற்கும் குன்று அது. தோட்டத்து ஆட்கள் வைத்த பெயர். உச்சியை யாரோ பாராங் கத்தியால் ஒரே வீச்சில் சீவி எடுத்தது போல மேலே தட்டையாக இருக்கும். அதன் வலது பக்கத்தில் குவாரிக்காரர்கள் உடைத்துத் தின்ற இடம் வெள்ளையாகத் தெரியும். மாதத்துக்கு மாதம் அந்த வெள்ளை கொஞ்சம் இடப்பக்கம் நகர்ந்துகொண்டே வந்தது. மத்தியானம் சங்கு ஊதும், பிறகு வெடி. அலமாரியில் இருக்கும் கிண்ணங்கள் ஒன்றோடொன்று உரசிக்கொள்ளும். நான் பாட்டுக்குச் சமைத்தேன், துணி துவைத்தேன், தொலைக்காட்சி பார்த்தேன். கல் உடைக்கிறவன் உடைக்கிறான், எனக்கென்ன வந்தது என்றுதான் இருந்தேன்.

நான் பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டத்து நர்சரியில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை செய்தவள். கடைசிப் பத்து வருஷம் மண்டோர், அதாவது வேலையாட்களுக்குத் தலைமை. கன்றுகள் கறுப்புப் பைகளில் வரிசை வரிசையாக நிற்கும். நல்ல கன்றைப் பார்ப்பது என் வேலை இல்லை, கெட்ட கன்றைப் பார்ப்பதுதான் வேலை. குட்டையாக நிற்பது, மஞ்சள் தட்டியது, இலை முறுக்கிக்கொண்டது, நுனி சுருண்டது. இவற்றை விட்டுவைத்தால் நாளைக்கு வயலில் இடத்தை அடைத்துக்கொண்டு காய்க்காமல் நிற்கும். அதனால் கழிக்க வேண்டியதைக் கண்டுபிடித்து, அதன் கழுத்தில் சிவப்பு ராஃபியா கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றி இரட்டை முடிச்சுப் போடுவேன். கயிறு விழுந்தால் அந்தக் கன்றின் கதை முடிந்தது. எனக்குப் பின்னால் ஒருத்தி வருவாள். பிடுங்குவாள், வேர் மேலே பார்க்கும்படி குவித்து வெயிலில் காயப்போடுவாள், கயிற்றையெல்லாம் அவிழ்த்து என்னிடம் கொண்டுவந்து கொடுப்பாள். நான் கட்டியதும் அவள் கொடுத்ததும் ஒத்துப்போக வேண்டும்.

அப்படிப் பின்னால் வந்தவள் என் கூட்டாளி. என்னைவிட எட்டு வயது இளையவள். வாய் ஓயாது, கை அதைவிட ஓயாது. ஒரு வேலை சொன்னால் ஒன்றரை வேலை செய்து வைப்பாள். ஏன், எதற்கு என்று கேட்கிற பழக்கமே அவளுக்குக் கிடையாது. என் கயிறு சொன்னால் போதும். அத்தனை வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் எந்தக் கன்றுக்காகவும் நின்று பேசியதில்லை. இப்போது அவள் அதே தோட்டத்தில் மருந்து அடிக்கும் கும்பலுக்கு மண்டோர். முதுகில் பம்பைக் கட்டிக்கொண்டு களைகளைக் கொன்றுகொண்டிருக்கிறாள்.

இதையெல்லாம் முதலிலேயே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நடந்ததைக் கேட்டால் எல்லாரும், உனக்குத் தெரியாதா, நீதானே அந்த வேலை செய்தவள் என்று கேட்பார்கள். தெரியும். எனக்குத்தான் எல்லாரையும்விட நன்றாகத் தெரியும். அப்படியும் மண்டையில் உறைக்கவில்லை.

நான் வேலையிலிருந்து நின்ற அடுத்த வருஷம் ஒரு அம்மா வந்தார். பினாங்கில் பாடம் நடத்துகிறவர், காட்டுச் செடிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவர், நம் ஆள்தான். மொட்டைப்பாறைக்கு வழி தெரிந்த ஆள் வேண்டும் என்று முச்சந்தியில் இருக்கும் பாய் கடையில் கேட்டிருக்கிறார். பாய் என் வீட்டைக் கைகாட்டிவிட்டார். முட்டுவரை சேறு ஒட்டிய சப்பாத்தோடு வாசலில் வந்து நின்று, “அக்கா, மேல போகணும், கூட்டிட்டுப் போறீங்களா?” என்றார். வேலை இல்லாமல் வீட்டில் உட்கார்ந்து எனக்கும் எரிச்சலாக இருந்த நேரம். சரி என்றேன். எங்கள் தாமான் குடியிருப்பில் எல்லாரும் அவரைச் செடிக்காரம்மா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். நான் மட்டும் நேரில் மிஸ் என்பேன்.

தோட்டத்தின் கடைசிச் செம்பனை வரிசை முடிந்து மூங்கில் புதர் வரும். அதற்கு மேல் பிரம்புக் கொடி பின்னிய பாறைச் சந்து. ஒரு மணி நேரம் ஏறினால் உச்சித் தட்டு. மேலே போனதும் வேறு ஊருக்கு வந்துவிட்டது போலத்தான் இருந்தது. மரம் கிடையாது. முழங்கால் உயரத்துக்குக் கறுத்துக் குறுகிய புதர்கள், வெள்ளை மணல், எந்நேரமும் காற்று. கீழே மெர்போக் ஆறு, அதற்கு அப்பால் கடல். பாறைச் சந்துகளில் மஞ்சள் பூத்தாற்போல ஒரு செடி. இலை நுனி சுருண்டு நீண்டு, அதில் விரல் அளவுக்கு ஒரு குடுவை தொங்கியது. குடுவையின் வாயோரத்தில் சுண்ணாம்பு தடவியது போல வெள்ளை வளையம். மலாய்க்காரர்கள் இந்த வகையைக் குரங்குச் சட்டி என்பார்கள். பூச்சியை உள்ளே விழவைத்துத் தின்னும் செடி.

“இதப் பாக்கவா மிஸ் இவ்வளவு தூரம் ஏறுனோம்? குட்டை, மஞ்சள், நுனி சுருட்டை. என் நர்சரியில இருந்தா கயிறு கட்டிக் கழிச்சிருப்பேன்லா” என்றேன்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு மணலில் மண்டியிட்டு உட்கார்ந்துகொண்டு சொன்னார்: “இந்த மண்ணுல சத்தே கெடையாதுக்கா. அதான் பூச்சியப் பிடிச்சுச் சாப்பிடுது. உரம் போட்டீங்கன்னா செத்துரும்.”

உரம் போட்டால் சாகும் செடி. என் வாழ்நாள் முழுக்க உரம் போட்டே பிழைத்தவள் நான். அந்த ஒரு வார்த்தையில் விழுந்தேன் என்று சொல்ல வேண்டும். இவ்வளவு குட்டையாக இந்தச் செடியை வேறு எங்கேயும் தான் பார்த்ததில்லை என்றார் அவர். ஒன்றிரண்டை எடுத்துப்போய்க் கண்ணாடி வீட்டில் வைத்துப் பார்த்தாராம். எல்லாம் செத்துவிட்டன. அதன் வேர் தலைமுடி போலக் கறுப்பாக, மெலிதாக இருக்கும். தொட்டால் ஒடியும். ஆகவே பாறை இருந்தால் அது இருக்கும், பாறை போனால் அதுவும் போகும். அவ்வளவுதான் கணக்கு.

பாறை போகிற வழியில்தான் இருந்தது. குவாரிக்காரர்கள் மேல்தட்டையும் உடைக்க அனுமதி கேட்டு விண்ணப்பம் போட்டிருந்தார்கள். முடிவு செய்வதற்கு முன்னால் அரசாங்க அலுவலகத்திலிருந்து ஆட்கள் நேரில் வந்து பார்ப்பார்கள். செடி இருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டால் தட்டை விட்டுவிட்டு அந்தப் பக்கமாக உடைத்துக்கொள்ளச் சொல்ல முடியும். பார்க்காவிட்டால் கையெழுத்துத்தான். செடிக்காரம்மா இதை எனக்குச் சுருக்கமாகச் சொன்னார், நானும் சுருக்கமாகவே புரிந்துகொண்டேன். அவர்கள் வருகிற நாளில் செடி கண்ணில் பட வேண்டும்.

அதன் பிறகு வாரம் ஒருமுறை ஏற ஆரம்பித்தேன். பாதி நாள் தனியாகத்தான். எதற்கு என்று கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியாது. யாரும் நடாத, யாரும் தண்ணீர் ஊற்றாத ஒன்று, யாரையும் கேட்காமல் உயிரோடு இருக்கிறது. அதைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் ஏதாவது மாறியிருக்கும். ஒரு வாரம் போனபோது பாறையில் நீலச் சாயத்தில் அம்புக்குறி போட்டிருந்தார்கள். அடுத்த வாரம் மரமுளைகள் அடித்திருந்தார்கள். வெடிக்குப் பிறகு தட்டின் நடுவே நூல் அளவுக்கு ஒரு வெடிப்பு. அடுத்த முறை அதில் என் சுண்டுவிரல் நுழைந்தது. குடுவைகளில் தண்ணீருக்கு மேல் வெள்ளைத் தூசி ஆடை போலப் படிந்திருந்தது. முன்பு கத்திக்கொண்டிருந்த ஒரு குருவியின் சத்தம் நின்றுபோயிருந்தது. எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை.

ஒருநாள் மணலில் நான்கு குழிகள் இருந்தன. பக்கத்தில் ஒரு சிகரெட் துண்டு. அபூர்வச் செடிகளைத் தோண்டிக் கைபேசியில் படம் போட்டு விற்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று செடிக்காரம்மா ஏற்கனவே சொல்லியிருந்தார். அன்றிலிருந்து எங்கள் பயமெல்லாம் திருடன் மேல்தான். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு திருடனைப் பார்த்தோம். தோட்டத்து வேலைக்காரர்கள் யாராவது மூங்கில் வெட்ட வந்தால்கூட நான் சண்டைக்குப் போனேன்.

அதிகாரிகள் வரும் நாள் தெரிந்ததும் ஒரு யோசனை சொன்னேன். யோசனை என்னுடையதுதான், அதை யார் தலையிலும் கட்ட முடியாது. செடி குட்டை, நிறமும் பாறையோடு ஒட்டிப்போகிறது. சப்பாத்து போட்டுக்கொண்டு நாலு பேர் வந்தால் பார்க்காமலே மிதித்துவிட்டுப் போவார்கள். ஒவ்வொரு செடியிலும் கயிறு கட்டிவிட்டால், தூரத்திலிருந்தே எவ்வளவு இருக்கிறது என்று தெரியுமே.

செடிக்காரம்மா தயங்கினார். “திருடனுக்கு நாமளே வழி காட்டுற மாதிரி ஆயிடுமேக்கா?”

“ரெண்டு நாளைக்குத்தானே மிஸ். அவங்க பாத்துட்டுப் போனதும் நானே வந்து அவுத்துருவேன்.”

“கயிறு?”

“வீட்ல கெடக்கு.”

வீட்டில் கிடந்தது சிவப்பு. நர்சரியிலிருந்து நின்றபோது மிச்சமாகக் கொண்டுவந்த உருண்டை. வேறு நிறம் வாங்க வேண்டுமென்றால் கடைக்குப் போக வேண்டும், கடை பத்து நிமிஷ நடை. நான் போகவில்லை. மறுநாள் காலையிலிருந்து மத்தியானம் வரை தட்டு முழுக்கக் குனிந்து குனிந்து கட்டினேன். ஒரு சுற்று, இரட்டை முடிச்சு. கை தன்பாட்டுக்குப் போட்டது. நாற்பத்தொரு செடி. நிமிர்ந்து பார்த்தபோது வெள்ளை மணலில் சிவப்புச் சிவப்பாக, பார்க்கவே திருப்தியாக இருந்தது. செடிக்காரம்மா படம் எடுத்துக்கொண்டார். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

அன்று சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் கழித்து வர வேண்டியவர்கள் வரவில்லை. மழை விடட்டும், அடுத்த வாரம் வியாழக்கிழமை பார்க்கலாம் என்று தகவல் வந்தது. நானும் ஏறவில்லை. சந்தில் தண்ணீர் ஓடினால் கால் வைக்க முடியாது. மழை விட்டதும் போய்ப் பார்த்தால் மூங்கில் சாய்ந்து பாதையை மூடியிருந்தது. அதன் மேல் கொடியும் முள்ளும். கழுத்தில் அடையாள அட்டை தொங்கவிட்டுக்கொண்டு வருகிறவர்கள் இதைப் பார்த்தால் பாதியிலேயே திரும்பிவிடுவார்கள் என்று தோன்றியது. திரும்பிவிட்டால் கையெழுத்துத்தான்.

செவ்வாய்க்கிழமை பாய் கடையில் என் கூட்டாளியைப் பார்த்தேன். தேநீரைப் பொட்டலமாக வாங்கிக்கொண்டிருந்தாள்.

“தங்கச்சி, மொட்டைப்பாறைப் பாதைய கொஞ்சம் சுத்தம் பண்ணித் தரியா? வியாழக்கெழம பெரிய ஆளுங்க வராங்க.”

“அவ்வளவுதானே? விடுங்கலா அக்கா. நாளைக்கு வேல முடிஞ்சதும் நானே போயி முடிச்சிடறேன். செனாங்.”

சுலபம் என்று சொன்னாள். நானும் நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன். எந்த இடம் வரைக்கும் என்று அவளிடம் சொல்லவில்லை. மேலே என்ன இருக்கிறது என்றும் சொல்லவில்லை. செடியைப் பற்றி ஆள் ஆளுக்குச் சொன்னால் திருடன் காதுக்குப் போகும் என்று நான்தான் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். அவளிடமும் கட்டிக்கொண்டேன்.

வியாழக்கிழமை விடிந்த கையோடு அவளுடைய மோட்டார் சத்தம் கேட்டது. காலையில் வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டுக்குப் போகிற வழியில் நின்றிருக்கிறாள். நான் நல்ல சட்டை ஒன்றை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். அவள் வண்டியை அணைக்காமலே ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டினாள். முகம் முழுக்கச் சிரிப்பு.

“என்னக்கா, மேல நீங்க கயிறு கட்டியிருக்கீங்கன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? பாதைய வெட்டிட்டு ஏறிப் பாத்தா, உங்க முடிச்சு! ரிட்டையர் ஆகியும் இந்த அக்காவுக்குக் கை சும்மா இருக்காதுன்னு நெனச்சு எனக்கு ஒரே சிரிப்பு.”

நான் பையைத் திறக்கவில்லை. திறக்காமலே தெரிந்துவிட்டது.

“எல்லாம் அசல் கழிவுலா. குட்டையும் மஞ்சளுமா. இலை நுனியில என்னமோ பை மாதிரி வேற தொங்குது, என்ன சீக்குன்னே தெரியல. வர்றதெல்லாம் பிடுங்கிட்டேன். பாறைச் சந்துல இருந்து வரமாட்டேன்னதுக்கெல்லாம் மருந்து அடிச்சிட்டேன். ஒன்னு விடல. கயிறெல்லாம் பையில இருக்கு, எண்ணிப் பாருங்க.”

அவளைத் திட்ட வேண்டும் என்று ஒரு கணம் வாய் வரை வந்தது. எதைச் சொல்லித் திட்டுவது? நான் கட்டினேன், அவள் கழித்தாள். இருபது வருஷமாக நாங்கள் செய்தது அதுதான். “சரிம்மா, நீ கெளம்பு, நேரமாச்சு” என்றேன். அவள் கையசைத்துவிட்டுப் போனாள். நான் கதவருகில் அப்படியே நின்றேன். இஸ்திரிப் பெட்டி சட்டையைக் கருக்கிய வாடை வந்த பிறகுதான் நகர்ந்தேன்.

அதிகாரிகள் ஒன்பதரைக்கு வருவதாகப் பேச்சு. கைபேசியை எடுத்தேன், வைத்தேன். செடிக்காரம்மாவிடம் சொல்ல வேண்டும், சொன்னால் அவர் ஏதாவது செய்திருப்பார், வருகையையே தள்ளிப்போட்டிருப்பார். இன்றைக்கு அது நன்றாகத் தெரிகிறது. அன்றைக்கு எனக்கு வெட்கமாக இருந்தது. முதலில் போய்ப் பார்ப்போம், ஏதாவது மிச்சம் இருக்கும் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டு ஏறினேன். பாதை அவ்வளவு அழகாக இருந்தது. ஒரு முள் இல்லை. மூங்கிலை வெட்டி ஓரத்தில் அடுக்கியிருந்தாள்.

தட்டின் ஓரத்தில், நாங்கள் எப்போதும் குவிப்பது போலவே, வேர் மேலே பார்க்கும்படி குவித்திருந்தாள். கறுப்பு வேர்கள் காற்றில் ஆடின. குடுவைகள் கவிழ்ந்து தண்ணீரெல்லாம் மணலில் போயிருந்தது. பாறைச் சந்துகளில் இருந்தவை இருந்த இடத்திலேயே இருந்தன. இலைகள் மினுமினுத்தன, தொட்டால் பிசுபிசுத்தன. மருந்து வாடை எனக்குத் தெரியாதா, அதில்தானே வளர்ந்தேன். அவை இரண்டு மூன்று நாளில் கருகும். அன்றைக்கே தொங்க ஆரம்பித்திருந்தன.

அங்கே உட்கார்ந்து அழுதிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். நான் அழவில்லை. குவியலைப் பிரித்தேன். இலை இன்னும் விறைப்பாக இருந்ததையெல்லாம் பொறுக்கினேன். கட்டைவிரலால் மணலில் குழி, செடி, சுற்றிலும் அழுத்தம், போத்தல் தண்ணீரில் ஒரு மடக்கு. அடுத்தது. இருபதுக்கு மேல் நட்டேன். முட்டி மணலில் தேய்ந்து ரத்தம் கசிந்தது. ஒன்பது மணிக்கு நிமிர்ந்து பார்த்தபோது தட்டில் செடி இருந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் குறை சொல்ல முடியாது. அவர்கள் பார்த்துவிட்டுப் போகட்டும், பிறகு செடிக்காரம்மாவின் காலில் விழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன்.

அவர்கள் வந்தார்கள். அலுவலகத்து ஆட்கள் மூன்று பேர், செடிக்காரம்மா, குவாரியின் சார்பில் ஒரு பெரியவர். அந்தப் பெரியவரும் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்தான், தமிழர். மரியாதையாக எனக்கு வணக்கம் சொன்னார். அதிகாரிகளில் மூத்தவர் பாதை சுத்தமாக இருக்கிறது என்று மலாயில் பாராட்டினார். செடிக்காரம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். பிறகு தட்டைப் பார்த்தார். சிரிப்பு நின்றது.

அவர் ஒரு செடியின் முன்னால் உட்கார்ந்தார். இலையைத் தொட்ட விரலை மூக்கருகே கொண்டுபோனார். அதற்குள் குவாரிப் பெரியவர் இன்னொரு பக்கம் நடந்துபோய்விட்டார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“அக்கா, இது உங்க கை வேலைதானே?”

நான் முட்டியில் ஒட்டிய மணலைத் தட்டினேன்.

“முக்கோணமா நட்டிருக்கீங்களே. செம்பனை போடுற மாதிரி.”

அப்போதுதான் நானும் பார்த்தேன். அவசரத்தில், பயத்தில், என் கை தனக்குத் தெரிந்ததைச் செய்திருந்தது. ஒரு சாண் இடைவெளி, மூன்று மூன்றாக, வரிசை பிசகாமல். காட்டில் எந்தச் செடியும் அப்படி முளைக்காது. பெரியவர் குனிந்து ஒன்றை இரண்டு விரலால் தூக்கினார். அது தடுக்காமல் வந்தது. வேரோடு அதிகாரியிடம் நீட்டி, மலாயில், “நட்டு வைத்த செடி” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, வருத்தமாகக்கூடச் சொன்னார்.

மூத்த அதிகாரி செடிக்காரம்மாவிடம், இது உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றார் அவர். கைபேசியில் இருந்த படங்களைக் காட்டினார். அதிகாரி பார்த்தார், பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்: இதுவும் இப்படி நட்டு எடுத்த படம் இல்லையென்று நான் எப்படி எழுத முடியும்? எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

முழுக்கதையும் சொல்லியிருந்தால் ஒருவேளை பிழைத்திருக்கும். சந்துகளில் மருந்தடித்த செடிகள் இருந்தன. அவை நட்டவை இல்லை, வேர் பாறைக்குள் இருந்தது. அதைக் காட்டி, நேற்று ஒருத்தி இங்கே வந்து களைக்கொல்லி அடித்தாள் என்று சொன்னால் போதும். ஆனால் யார் என்று கேட்பார்கள். யாருடைய மருந்து, யாருடைய பம்பு, யாரைக் கேட்டுத் தோட்ட எல்லையைத் தாண்டி அடித்தாய் என்று கேட்பார்கள். அவளுக்கு அந்த மண்டோர் வேலையைத் தவிர வேறு பிழைப்பு கிடையாது. அவள் செய்தது நான் கட்டிய கயிற்றுக்காக.

“நான்தான் இன்னக்கிக் காலையில நட்டேன்” என்று மலாயில் சொன்னேன். சொன்னது உண்மைதான். அந்த உண்மையோடு நிறுத்திக்கொண்டேன்.

அதிகாரி எழுதிக்கொண்டார். மற்ற இருவரும் தட்டைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு வந்தார்கள். சந்துகளில் தொங்கிக்கொண்டிருந்தவற்றை யாரும் உற்றுப் பார்க்கவில்லை. பார்த்தாலும் வாடிப்போன ஏதோ ஒரு களை என்றுதான் நினைத்திருப்பார்கள். அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

இறங்கும்போது மற்றவர்களை முன்னால் போகவிட்டுச் செடிக்காரம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். சிவப்புக் கயிறு, நர்சரி, கூட்டாளி, மருந்து, எல்லாம். அவர் நின்று கேட்டார். கடைசியில் ஒரு கேள்வி கேட்டார்.

“இத ஏன்க்கா மேலயே சொல்லல?”

“அவ வேல போயிடும் மிஸ்.”

அவர் பாதையோரத்து மூங்கில் அடுக்கைத் திரும்பிப் பார்த்தார்.

“என் வேலையும் வேலதான்க்கா” என்றார்.

அவ்வளவுதான் பேச்சு. கீழே வந்ததும் காடியில் ஏறி வண்டியைக் கிளப்பினார். கையசைத்தார் என்று நினைக்கிறேன், சரியாகத் தெரியவில்லை. அதன் பிறகு நான் கூப்பிட்டபோதெல்லாம் கைபேசி அடித்து ஓய்ந்தது. அறிக்கையில் அவர் பெயருக்குப் பக்கத்தில் என்ன எழுதினார்கள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கத் துணியவில்லை.

நட்டதில் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. பத்து நாள் வாளியில் தண்ணீர் சுமந்துகொண்டு ஏறினேன். நர்சரிக்காரியின் கை பட்டால் பட்ட மரமும் துளிர்க்கும் என்று தோட்டத்தில் என்னைப் பற்றிச் சொல்வார்கள். துளிர்க்கவில்லை. பதினோராம் நாள் பாதையின் வாயில் சங்கிலி போட்டு, உள்ளே வரக் கூடாது என்று மூன்று மொழியில் பலகை வைத்திருந்தார்கள்.

இப்போது தட்டின் பாதிக்கு மேல் போய்விட்டது. பின்கதவை நான் அதிகம் திறப்பதில்லை. போன மாதம் என் கூட்டாளி பலா மாதிரியான செம்பெடாக் பழம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவளுக்கு இதுவரை எதுவும் தெரியாது. நான் சொல்லவில்லை, சொல்லப்போவதும் இல்லை. தரையில் தாளை விரித்துப் பழத்தை வெட்டிக்கொண்டே ஊர்க்கதையெல்லாம் பேசினாள். கும்பலில் புதிதாகச் சேர்ந்த பெண்களுக்கு முடிச்சுப் போடக்கூடத் தெரியவில்லை என்று அலுத்துக்கொண்டாள். பிறகு திடீரென்று நினைவு வந்தவளாக நிமிர்ந்தாள்.

“ஏன்க்கா, அன்னக்கிப் பெரிய ஆளுங்க வந்தாங்களே, பாதை எப்படி இருந்துச்சுன்னு நீங்க ஒன்னுமே சொல்லலியே?”

“ரொம்ப சுத்தமா இருக்குன்னு சொன்னாங்க” என்றேன். “யாரு கால்லயும் ஒரு முள்ளு குத்தல.”

அவள் முகம் மலர்ந்துவிட்டது. பெரிய சுளையாகப் பார்த்து எடுத்து என் கையில் வைத்தாள்.

“அடுத்த தடவ வந்தாலும் சொல்லுங்கலா. நானே போயி சுத்தம் பண்ணித் தரேன்.”

சரி என்றேன்.